பதினொரு தொட்டில், இரண்டு பலகை

சமையலறையில் டம்ளர்கள் ‘கிண் கிண்’ என்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அந்தச் சத்தம் காதில் விழுந்த மறுநொடி, முன்னறையில் தரையோடு தரையாகக் குனிந்திருந்த எழுத்தக்கா தூரிகையைப் பலகையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பி நடுங்கியது. தரை நடுங்கியது. டப்பாவிலிருந்த சிவப்பு பெயிண்ட் வட்டம் வட்டமாகச் சுருண்டது. வாசலை உரசுவதுபோல ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. போகிற போக்கில் ‘பாம்ம்ம்’ என்று ஒரு ஹாரன்.

டம்ளர் அடங்கியதும் தூரிகை இறங்கியது. விட்ட இடத்திலேயே, மயிரிழை பிசகாமல்.

இருபத்துநாலு வருஷப் பழக்கம். லாரி வாசலுக்கு வருமுன்னே சமையலறை டம்ளருக்குத் தெரிந்துவிடும். டம்ளர் சொன்னால் கை தானாக எழும். ஒருமுறை உறவுக்காரர் வீட்டு விருந்தில் யாரோ டம்ளரைத் தட்டிவிட, வாய்க்குப் போன கை அந்தரத்தில் அப்படியே நின்றுபோய், பந்தி முழுக்கச் சிரித்தது. “எங்க வீட்டம்மாவுக்கு பிரேக் நல்லாப் பிடிக்கும்” என்று கணவர் இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

லாரி போய்விட்டது, சத்தம் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீரிட்டது. அதைக் கேட்டு அடுத்தது. நிமிஷத்துக்குள் பதினொன்றும் சேர்ந்துகொண்டன. அத்தனைக்கும் மேலே ஒரு பெண் குரல்:

“அடிங்கடா, நல்லா அடிங்க! நாளன்னிக்கு அந்த மேடம் வரட்டும். அத்தனை ஹாரனையும் உங்களையே முழுங்க வைக்கிறேன் பாருங்க!”

எழுத்தக்காவின் நாத்தனார் அவள். கணவரின் ஒரே தங்கை. வேலைக்குப் போகும் பெற்றோரின் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்துகிறாள்.

எழுத்தக்காவுக்குச் சிரிப்பும் வந்தது. கண்ணில் நீரும் முட்டியது. அந்தக் குரல் தன்னைப் பார்த்து “அண்ணி” என்று கூப்பிட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது.

ஒரே வீடாக இருந்ததைத்தான் அண்ணனும் தங்கையும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். சுவர் இடுப்பளவு வந்தபோது அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நாத்தனார் அடம் பிடித்தாள். “நடுவுல ஒரு கதவு வைக்காம ஒரு செங்கல் ஏத்த விடமாட்டேன். சுவர் எனக்கும் அண்ணாவுக்கும். கதவு எனக்கும் அண்ணிக்கும்!”

அந்தக் கதவு வழியாக என்னதான் போகவில்லை! வெந்நீர் போகும், துவைத்த துணி வரும், பாதிக் கதை போய் மீதிக் கதை வரும். அழுகிற குழந்தை ஒன்று இடுப்பு மாறிப் போகும். தாழ்ப்பாள் போட்டதே இல்லை என்பதால் அது துருவேறிக் கிடந்தது. பத்தொன்பது நாளைக்கு முன்னால் நாத்தனார் அதைப் போட முயன்றபோது நகரவில்லை. சுத்தியலால் நாலு அடி அடித்துத்தான் போட்டாள். அந்த நாலு அடியையும் இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டாள் எழுத்தக்கா.

எல்லாம் லாரியால் வந்த வினை.

எழுத்தக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தாள். கணவர் லாரிக்கு மரத்தில் பாடி கட்டுகிற தச்சர். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே. வந்த மூன்றாம் மாதம், பட்டறையில் எழுத்து வேலை பார்த்தவர் ஒரு லாரியின் பின்பலகையில் “ஒலி எழு” என்றுவரை எழுதிவிட்டு, டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். லாரிக்காரர் குதித்தார். தண்ணீர்ச் செம்போடு நின்ற புதுப்பெண் செம்பைக் கீழே வைத்தாள். தூரிகையை எடுத்து “ப்பவும்” என்று முடித்தாள். பாதி அவர் கை, பாதி இவள் கை. அந்த லாரி பதினோரு வருஷம் அப்படியே ஓடியது.

அன்றைக்குப் பிடித்த தூரிகை. அவளுடைய ‘ழு’வின் கீழ்ச்சுழியை எந்த நெடுஞ்சாலையில் பார்த்தாலும் டிரைவர்கள் கண்டுகொள்வார்கள். “எழுத்தக்கா கை” என்பார்கள். அவள் அந்தப் பக்கமெல்லாம் போனதே கிடையாது.

அப்போதெல்லாம் நாளைக்கு எட்டு லாரி வந்தால் அதிகம். பிறகு தெருக்கோடியில் குடோன்கள் வந்தன. சிமெண்ட் ஆலை வந்தது. குடோனில் வேலை பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் குடியிருக்க வீடுகள் வந்தன. ஊர் நாலு பக்கமும் வளர்ந்தது. தெரு மட்டும் அதே இருபது அடி. இப்போது லாரியை எண்ணுவதென்றால் அதற்கே ஒரு ஆள் போட வேண்டும். போதாக்குறைக்கு இவர்கள் வீடு இருப்பது தெரு திரும்புகிற முனையில். திரும்புகிற ஒவ்வொருவரும் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

தெருக்காரர்கள் நகர அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டார்கள்: இந்தத் தெருவில் லாரியே வரக்கூடாது, எல்லாம் புறவழிச்சாலையில் சுற்றிப் போகட்டும். மனுவை எழுதியது யார்? நாத்தனார். முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். நேரில் பார்த்து முடிவெடுக்க ஓர் அதிகாரியம்மா வருவதாகப் பதிலும் வந்திருந்தது.

லாரி வராவிட்டால் பட்டறை ஏது? புறவழிச்சாலை பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஒரு கொட்டகை பிடித்து, குடும்பத்தோடு போய்விட வேண்டியதுதான்.

“கூடப் பொறந்தவன் வயித்துலயே அடிச்சிட்டியே!” என்று கத்தினார் அண்ணன். சுத்தியல் சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தமானவர். ரகசியமே ஊருக்குக் கேட்கும், கத்தினால் கேட்கவா வேண்டும்.

“என் குழந்தைங்க தூக்கத்துல நீங்க அடிக்கலையா? பதினொண்ணையும் தூங்கப் பண்ண ஒரு மணி நேரம், எழுப்ப ஒரு ஹாரன்!” என்றாள் தங்கை.

நடுவில் போய் எழுத்தக்கா சமாதானமாக ஒன்று சொன்னாள். அதுதான் விஷமாகப் போயிற்று.

“குழந்தைங்கன்னா அழத்தானேம்மா செய்யும்.”

நாத்தனார் உள்ளே போனாள். சுத்தியலை எடுத்தாள்.

இன்று காலை, பத்தொன்பதாம் நாள், கதவின் அடியிடுக்கு வழியாக ஒரு துண்டுக் காகிதம் வந்தது. எழுத்தக்கா ஓடிப்போய் எடுத்தாள்.

“மதிப்பிற்குரிய எழுத்துக் கடைக்கு. எங்கள் காப்பகத்தின் கேட்டில் மாட்ட ஒரு பலகை தேவை. எழுத வேண்டியது: குழந்தைகள் தூங்குகிறார்கள். சத்தம் செய்யாதீர்கள். இப்படிக்கு, பக்கத்து வீடு.”

ஊரில் வேறு எழுதுகிறவர் இல்லையே, பாவம், என்ன செய்வாள்! எழுத்தக்கா ஒரு காகிதம் கிழித்தாள்.

“மதிப்பிற்குரிய பக்கத்து வீட்டுக்கு. பலகை இன்று மாலை மாட்டித் தரப்படும். இப்படிக்கு, எழுத்துக் கடை.” எழுதி முடித்தும் கை நிற்கவில்லை. கீழே ஒரு வார்த்தை சேர்த்தாள்: “சாப்பிட்டியா?”

பதில் உடனே வந்தது. “கடைக்கு அது தேவையில்லாத விஷயம்.”

எழுத்தக்கா நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காகிதம் மெதுவாக எட்டிப் பார்த்தது. “சாப்பிட்டேன்.”

அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தாள்.

அன்றைக்கு எழுத வேண்டியவை இரண்டு பலகைகள். ஒன்று நாத்தனாருக்கு. மற்றது சிமெண்ட் தம்பியின் லாரிக்கு. சிமெண்ட் மூட்டை ஏற்றி ஏற்றிப் புருவம்கூட நரைத்ததுபோல் இருக்கும் இளம் டிரைவர். அதனால் அந்தப் பெயர். ஒரே மரத்திலிருந்து, ஒரே அளவில், இரண்டையும் அறுத்துக் கொடுத்திருந்தார் கணவர். இரண்டுக்கும் மஞ்சள் அடித்து, சிவப்பில் எழுதினாள். எழுத்து தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், தெருப் புழுதி படாமல் செய்தித்தாளால் மூடி, கயிறு கட்ட வேண்டும். மறுநாள் காலைவரை யாரும் அவிழ்க்கக்கூடாது. அது எழுத்தக்காவின் சட்டம். மாட்டுவதுகூட முகம் மூடியபடிதான். முன்னாலேயே அவிழ்த்த ஒரு டிரைவரை மூன்று வாரம் அவள் திட்டியது லாரி உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் இரண்டையும் மூடிக் கட்டினாள். எது எது என்று தாளின்மேல் எழுதுவதற்குச் சாக்பீஸை எடுத்தாள். அப்போது பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் தாலாட்டு பாடத் தொடங்கினாள்.

அது அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிய பாட்டு. முதல் வரி நாத்தனார், இரண்டாம் வரி அண்ணி. கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பாடுவார்கள். இப்போது நாத்தனார் முதல் வரியைப் பாடினாள். நிறுத்தினாள். இரண்டாம் வரிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தாள். பிறகு மூன்றாம் வரிக்குப் போனாள்.

எழுத்தக்காவின் கண்ணை நீர் மறைத்தது. டம்ளர் கிணுகிணுத்தது. “ஆச்சா? வண்டி கிளம்பணுமாம்!” என்று வாசலிலிருந்து கணவர் இரைந்தார். “ஆச்சுங்க” என்று, எதிரே தெரிந்த இரண்டு மங்கலான பொட்டலங்களில் ஒன்றின்மேல் ‘லாரி’ என்றும் மற்றதன்மேல் ‘வீடு’ என்றும் எழுதிக் கொடுத்தாள்.

இருபத்துநாலு வருஷத்தில் ஓர் எழுத்துப் பிசகாத கை. அன்றைக்குப் பிசகியது எழுத்தே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது.

‘பாம்!’ சரி, வழக்கம்போல ஒன்று. ‘பாம் பாம்!’ இது கொஞ்சம் ஜாஸ்தி. ‘பாம்ம்ம்ம்ம்!’ என்று ஒரு ஏர் ஹாரன், மரியாதையாக நின்று, முழு மூச்சில். ஒரு லாரி பாக்கியில்லை. ஸ்கூட்டர்கூட ‘பீப்’ என்றது. பதினொரு குழந்தைகளும் தெருக்கோடிவரை கேட்க அலறின.

“இன்னிக்கு என்னடி இது, ஊர்வலமா?” என்று காது மந்தமான கணவரே பட்டறையிலிருந்து ஓடி வந்தார்.

“அண்ணி! வெளிய வாங்க!”

இருபது நாளாகக் கேட்கத் தவித்த வார்த்தை. இப்படியா கேட்க வேண்டும்! எழுத்தக்கா தெருவுக்கு ஓடினாள். நாத்தனார் ஒரு இடுப்பில் ஒரு குழந்தை, மறு இடுப்பில் ஒரு குழந்தையோடு கேட்டுக்கு வெளியே நின்றாள். காலையில் கேட்டின் உள்பக்கமிருந்தே கையை நீட்டிக் கயிற்றை இழுத்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அழுகிற குழந்தையைத் தூக்க உள்ளே ஓடியவள், பலகையின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

மஞ்சளில் சிவப்பு. கொட்டை எழுத்து.

“பின்னால் வருவோர் ஒலி எழுப்பவும்.”

“ஐயோ!” என்றாள் எழுத்தக்கா.

அப்போது இன்னொரு லாரி திரும்பியது. டிரைவர் பலகையைப் பார்த்தார், எழுத்தக்காவைப் பார்த்தார், சிரித்தார், மனதார அடித்தார். ‘பாஆஆம்!’ “புது போர்டு சூப்பர்க்கா! திருப்பத்துக்கு வேண்டியதுதான்!” என்று கையசைத்துவிட்டுப் போனார்.

பயமும் வெட்கமும் ஒரு பக்கம். அதையும் மீறி எழுத்தக்காவின் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி உதட்டுக்கு வந்துவிட்டது. அதை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

“சிரிக்கிறீங்களா? சிரிங்க. நல்லாச் சிரிங்க. குழந்தைன்னா அழத்தானே செய்யும்!”

“இல்லடியம்மா, மாறிப்போச்சு, சத்தியமா மாறிப்போச்சு. உன் பலகை அந்த லாரியில...”

“இருபத்துநாலு வருஷமா மாறாதது என் பலகைக்கு மட்டும் மாறுமா? யார் காதுல பூ சுத்துறீங்க?” நாத்தனாரின் குரல் உடைந்தது. “அண்ணா கத்தினாரு, எனக்கு ஒண்ணும் தோணலை. நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான்... நான் நினைக்கவே இல்ல அண்ணி.”

எழுத்தக்கா பலகையைக் கழற்றப் போனாள். நாத்தனார் தடுத்தாள்.

“நானே கழட்டிக்கிறேன். இது என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அந்த மேடம் பார்க்கட்டும், இந்தத் தெரு எப்படிப்பட்டதுன்னு.”

கேட் மூடியது. அன்று முழுக்க எழுத்தக்கா கதவிடுக்கில் ஏழு காகிதம் தள்ளினாள். ஏழும் அங்கேயே கிடந்தன. ஒன்றையும் யாரும் இழுக்கவில்லை.

மறுநாள் நகர அலுவலகத்துப் போக்குவரத்து அதிகாரி வந்தார். கையில் கோப்பும், சத்தம் அளக்கிற ஒரு சின்னக் கருவியும் வைத்திருந்த நடுத்தர வயதுப் பெண். காலையெல்லாம் முனையில் நின்று அளந்துவிட்டு, நடுப்பகலில் காப்பகத்துக்குள் போனார். எழுத்தக்கா இந்தப் பக்கத்தில், கதவில் காதை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“காலையில தொண்ணூத்தாறு காட்டுச்சுங்க” என்றது அதிகாரியின் குரல். “இதுல ஒரு குழந்தை எப்படித் தூங்கும்? மனுவுல நீங்க கேட்டபடி தெருவை மூடிடலாம்னுதான் நான் எழுதப் போறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“போடுறேன் மேடம்” என்றாள் நாத்தனார். குரலில் சந்தோஷம் இல்லை.

“ஏதோ பலகை காட்டுறேன்னு சொன்னீங்களே?”

எழுத்தக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். பட்டறை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பெண்ணோடு எந்தக் கதவு வழியாகப் பேசுவது?

“அது... அப்புறம் காட்டுறேன் மேடம்” என்றாள் நாத்தனார். “இருங்க, குழந்தைங்க இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

காட்டவில்லை! எழுத்தக்கா நிமிர்ந்தாள்.

அப்போது டம்ளர்கள் அசைந்தன. வழக்கமான ‘கிண் கிண்’ இல்லை. யாரோ விரல் நுனியால் தடவுவதுபோல மெல்லிய சிணுங்கல். அது நீண்டது. ஒரு லாரி இல்லை, பின்னாலேயே இன்னொன்று. மூன்று. நாலு. எழுத்தக்கா ஹாரனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஹாரன் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

வாசலில் ஒரு நிழல். சிமெண்ட் தம்பி! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நுனியில் நடந்து உள்ளே வந்தான்.

“எழுத்தக்கா” என்று கிசுகிசுத்தான். முகமெல்லாம் பல். “என்னக்கா எழுதிட்டீங்க! நேத்துக் காலையில கயித்தை உருவிட்டு, பார்க்காமலே கிளம்பிட்டேன். நானூறு கிலோமீட்டர்க்கா. ஒருத்தன் ஹாரன் அடிக்கலை! பின்னாடி வர்றவன் எல்லாம் லைட்டைக் காட்டி வழி கேக்குறான். எனக்கு லாரி ஓட்டுறோமா சொர்க்கத்துக்குப் போறோமான்னு சந்தேகமாயிடுச்சு.”

“மெதுவா பேசு. யாரும் ஒண்ணும் கேட்கலையா?”

“கேட்காம? ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, ‘உள்ள குழந்தைங்களையா ஏத்திட்டுப் போற? திற தார்ப்பாயை!’ன்னாரு. திறந்தா சிமெண்ட் மூட்டை. ரெண்டு பேரும் முழிக்கிறோம். அப்புறம்தான் போர்டைப் படிச்சேன். ‘குழந்தை எங்கடா?’ன்னாரு. ‘என் பொண்ணு காப்பகத்துல சார், மூணாவது தொட்டில்’னேன். அவருக்கும் வீட்டுல ஒண்ணு இருக்காம். போகும்போது அவரும் ரகசியமாத்தான் பேசினாரு.” அவன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். “திரும்பும்போது அஞ்சு வண்டி என் பின்னாடியே. என் முதுகைப் படிச்சுப் படிச்சு, அஞ்சு பேரும் ஹாரனை மறந்துட்டாங்க. அவங்களுக்கும் அதே போர்டு வேணுமாம். லைன்ல நிக்கிறாங்க.”

எழுத்தக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். முனையை அடைத்துக்கொண்டு ஆறு லாரி, என்ஜினை அணைத்துவிட்டு, சாதுவாக நின்றன. மற்ற ஐந்து டிரைவர்களும் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்த கணவரின் வாயை ஒரு கிளீனர் மரியாதையோடு பொத்தினார்.

கதவிடுக்கில் சரசரவென்று சத்தம். ஒரு காகிதம்.

“தெருவில் ஆறு லாரி நிற்கிறது. சுற்றி வர வழியில்லை. உங்களிடம் உடனே பேச வேண்டும். தாழ்ப்பாள் நகரவில்லை. சுத்தியலால் அடித்தால் குழந்தைகள் எழுந்துவிடும். என்ன செய்வது?”

‘மதிப்பிற்குரிய’ இல்லை. ‘இப்படிக்கு’ இல்லை. எழுத்தக்கா கணவரின் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். தன்னிடமிருந்த தூரிகைகளிலேயே மெல்லியதை எடுத்து எண்ணெயில் தோய்த்து, காம்பு முன்னால் போகும்படி கதவின் அடியில் தள்ளினாள். அந்தப் பக்கமிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தூரிகை காய்ந்து திரும்பி வந்தது. மறுபடி தோய்த்தாள். மறுபடி போனது. நாலு சுத்தியலடியில் விழுந்த தாழ்ப்பாள், நாலு தூரிகை எண்ணெயில் மெல்ல, மெல்ல, ‘சிக்’ என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள். மூக்கு நுனியில் எண்ணெய்.

“நிஜமாவே மாறித்தான் போச்சா?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். “அந்த லாரி பின்னாடி இருக்கிறது என் பலகை. ஜன்னல்ல பார்த்தேன்.”

“நீ பாடிக்கிட்டு இருந்தியா... ரெண்டாவது வரியில நிறுத்தினியா...” எழுத்தக்கா அவள் மூக்கு எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். “குழந்தைன்னா அழத்தான் செய்யும்னு சொன்ன வாயில சிவப்பு பெயிண்டை ஊத்தணும்.”

“ஊத்துங்க. இப்ப வேணாம். மேடம் இருக்காங்க” என்றாள் நாத்தனார். சொல்லிக்கொண்டே அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். இருவரும் சத்தமே இல்லாமல் குலுங்கினார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று சிமெண்ட் தம்பிக்குப் பிடிபடவில்லை.

“அக்கா, கதவுதான் திறந்துடுச்சே... என் பொண்ணை ஒரு எட்டுப் பார்த்துக்கட்டுமா?” என்றான்.

அவன் மூன்றாவது தொட்டிலுக்கு மேலே குனிந்து நின்றான். “எப்பவும் இந்த நேரத்துக்கு முழிச்சுக்கிட்டு இருக்கும்னு நினைச்சேன்” என்றான்.

“எப்பவும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்” என்றாள் நாத்தனார். “முனையில ஒருத்தன் ரெண்டு சின்னது, ஒரு நீளம்னு ஹாரன் அடிச்சுட்டுப் போவான். பதினொண்ணும் எழுந்துடும்.”

சிமெண்ட் தம்பியின் முகம் நிஜமாகவே சிமெண்ட் நிறத்துக்குப் போயிற்று. “அது... நான்தாங்க. ‘பாப்பா, அப்பா போறேன்’னு சொல்லுவேன்.”

நாத்தனார் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அவனும் கத்தாமல் திருகு வாங்கிக்கொண்டான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, பேனாவும் கையுமாக நின்ற அதிகாரி கருவியைத் தூக்கிக் காட்டினார். “ஆறு லாரி வந்திருக்கு. எழுபத்தொண்ணுதான்” என்று அவரும் கிசுகிசுத்தார். அந்த வீட்டில் வேறு எப்படிப் பேசுவது! “இப்ப நான் என்னம்மா எழுதட்டும்? மூடணுமா, வேண்டாமா?”

நாத்தனார் தொட்டில்களைப் பார்த்தாள். தூங்குகிற பதினொன்றில் ஐந்தின் அப்பா லாரியில், மூன்றின் அம்மா குடோனில். லாரியை விரட்டினால் பின்னாலேயே தொட்டிலும் போகும். நடுக்கதவைப் பார்த்தாள்.

“மதியம் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் லாரி வேணாம் மேடம். அது குழந்தைங்களுக்கு. மத்த நேரம் வரட்டும். ஆனா இந்த முனையில நடக்கிற வேகத்துலதான் வரணும். பின்னாடி எங்க அண்ணி எழுதின பலகை இருக்கணும். என் பலகை, அந்தப் பலகை இல்ல” என்று அவசரமாகச் சேர்த்தாள்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். மனுவின் மேல் குறுக்கே ஏதோ எழுதினார். “மூணு மாசம் பார்க்கலாம். திரும்ப வந்து அளப்பேன். தொண்ணூறு காட்டுச்சு, ஒரு பேச்சு கிடையாது, மூடிடுவேன்.”

“வாங்க மேடம், வந்து அளங்க” என்றாள் எழுத்தக்கா. அதற்குள் எத்தனை லாரிக்கு எழுத வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, நூற்றுநாற்பதில் தலை சுற்றி நிறுத்திவிட்டாள்.

அதிகாரி நடுக்கதவு வழியாகவே வந்து, எழுத்தக்காவின் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். படி இறங்கியவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

“எனக்கும் ஒரு பலகை எழுதித் தருவீங்களா? எங்க வீட்டுக்காரர் குறட்டைக்கு.”

“தர்றேன் மேடம். எந்த இடத்துல மாட்டணும்?”

“அவர் தூங்கும்போது அவருக்குத் தெரியுற மாதிரி” என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, லாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து நடந்தார். டிரைவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்று தெருவிலிருந்து கணவர் குரல் கொடுக்க வாயெடுத்தார். நாத்தனார் உதட்டில் விரலை வைத்து அண்ணனை அடக்கினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, கையைத் தலைக்குமேல் தூக்கி ‘நல்லதுதானே?’ என்று சைகையில் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு இரண்டு கையாலும் பிடித்து, தெருக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.